நாற்பது விநாடிக்கு எழுத்து

ஜனவரி 20, திங்கள்

இன்று எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது. ஆண்டு விழாவில் திரையிட எங்கள் ஒன்பதாம் வகுப்பு எட்டு நிமிடப் படம் ஒன்று எடுக்கிறது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். அதைப் பற்றித்தான் படம். பெயர் ‘தையல்’. இயக்குநர் ஜெபமலர். அவளுடைய அப்பாவின் கைபேசியில் நல்ல கேமரா இருப்பதால் ஒளிப்பதிவும் அவளே. உதவிக்குக் கேமரா பிடிக்கப் பதினொரு பேர் கை தூக்கினார்கள். எழுத்து போட ஒருவரும் தூக்கவில்லை.

“எழுத்துப்பிழை விடாத ஆளா வேணும் டீச்சர்,” என்றாள் ஜெபமலர். வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கணினி ஆய்வகத்தில் லில்லி டீச்சர் அந்த மென்பொருளைத் திறந்து காட்டினார். ஓடும் படத்தின் மேல் எழுத்தை வைத்து அதை நடக்க, பறக்க, மறைய வைக்கலாம். திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை. எந்தச் சொல் எந்த விநாடியில் பிறந்து எந்த விநாடியில் மறைகிறது என்று அதில் தெரியும். டீச்சர் அதை டைம்லைன் என்றார். நான் காலக்கோடு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

“பிப்ரவரி அஞ்சு, புதன்கிழமை, முழுப் படமும் எங் கைக்கு வந்துரணும்,” என்றார் டீச்சர்.

ஜனவரி 21, செவ்வாய்

முதல் வேலையாகப் படத்தின் பெயரைத் தட்டச்சு செய்தேன். திரையில் ‘தயைல்’ என்று வந்தது.

மறுபடி அடித்தேன். மறுபடியும் தயைல். ‘தை’யின் இணைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் யகரத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. தயை என்றால் இரக்கம். ஆகவே எங்கள் படத்தின் பெயர் இரக்கமும் கூடவே ஒரு ‘ல்’லும்.

“இது என்னட்டி புதுப் பேரு?” என்றாள் ஜெபமலர்.

என் பெயரை அடித்துப் பார்த்தேன். பேச்சியம்மாள். ‘பே’யின் கொம்பு ‘ச்’சுக்குப் போய்விட்டது. ஜெபமலர் அவள் பெயரை அடித்தாள். ‘ஜெ’யின் கொம்பு பகரத்தோடு ஒட்டிக்கொண்டது. “நல்லா இருக்கு போ. பேசாம இங்கிலீஷ்ல போட்டுருவமா?” என்றாள்.

நான் விடவில்லை. மணி அடித்ததால் விட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

வெற்றி! மென்பொருளோடு உதவிப் பக்கங்கள் இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. எல்லாம் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மதிய இடைவேளையில் படித்தேன். நம் எழுத்துகளுக்குக் கொம்பு முன்னால் வரும் என்பது மென்பொருளுக்குத் தெரியும். ஆனால் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை நாம் போய்ச் சொடுக்கினால்தான் அது நினைவுக்கு வரும். சொடுக்கினேன். ஒன்றும் மாறவில்லை. அடுத்த பத்தியைப் படித்தேன்: மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். மூடினேன். திறந்தேன்.

தையல்.

யாரும் இல்லாத ஆய்வகத்தில் நானே கைதட்டிக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

தலைப்பின் எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழ வேண்டும் என்று ஜெபமலருக்கு ஆசை. செய்தேன். ‘தையல்’ மூன்று எழுத்து என்று நாம் எண்ணுவோம். மென்பொருள் வேறு விதமாக எண்ணுகிறது. முதலில் ‘த’ விழுந்தது, பிறகு கொம்பு, ‘ய’, ‘ல’. எல்லாம் விழுந்து முடிந்த பின் தாளிக்கும்போது தெறித்த கடுகு போல ஒரு புள்ளி தனியாக வந்து ‘ல’வின் தலையில் உட்கார்ந்தது. ஜெபமலர் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

அதனால் எழுத்து எழுத்தாக விழ வைப்பதை விட்டேன். சொல் முழுவதையும் வைத்து, இடமிருந்து வலமாகத் தையல் ஓடுவது போல மெல்லத் திறந்துவிட்டேன். அடியில் ஒரு புள்ளிக்கோடும் கூடவே ஓடுகிறது.

“நான் நெனச்சத விட நல்லாருக்கு,” என்றாள் அவள். அவள் சாதாரணமாக அப்படிச் சொல்பவள் அல்ல.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். வீடு திரும்பி அம்மாவோடு, தைத்த நைட்டிகளில் நூல் பிசிர் வெட்டினேன்.

அம்மாவுக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. நாங்கள் கையால் பேசிக்கொள்வோம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்ததால் தமிழ் வாசிப்பாள். அப்பா லாரியில் போனால் மாதம் ஒருமுறைதான் வருவார், ஆகவே பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தி வருவாள். அம்மாவுக்குத் தையல் யூனிட்டில் வேலை இருக்கும். நாங்கள் இருப்பது பேருந்தில் இருபது நிமிடம் தள்ளி. அதனால் பள்ளியில் அம்மாவை யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காததை நாமாகப் போய்ச் சொன்னால் அது ஒரு மாதிரி விளம்பரம் போல ஆகிவிடும்.

நேற்று எங்கள் பள்ளிச் சீருடையில் உயரமான ஒரு பெண் கைபேசியோடு யூனிட்டுக்கு வந்தாளாம். எல்லாரையும் படம் பிடித்தாளாம். அம்மாவையும்.

‘நீ என்ன சொன்னாய்?’ என்று கேட்டேன்.

‘நிறையச் சொன்னேன்,’ என்றாள் அம்மா.

நான் நாளைய சமையல் பற்றிக் கேட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஜெபமலர் எடுத்த துண்டுகள் எல்லாம் கணினியில் ஏறிவிட்டன. ஏழு பெண்கள் பேசுகிறார்கள். தையல் எந்திரங்களின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. அதனால் எல்லாருடைய பேச்சுக்கும் கீழே எழுத்து போடச் சொன்னார் டீச்சர். ஆறு பேருக்குப் போட்டு முடித்தேன்.

ஏழாவது துண்டு நாற்பது விநாடி.

“அது வேண்டாம்ட்டி. அந்த அம்மா ஊமை. சும்மா கைய ஆட்டிட்டு இருக்கு. நாளைக்கி வெட்டிருவோம்,” என்றாள் ஜெபமலர்.

நான் பையில் பேனாவைத் தேடினேன். பேனா கையில்தான் இருந்தது.

ஜனவரி 29, புதன்

ஜெபமலர் ஏழாவது துண்டின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாள். அதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு விசையை அழுத்தினால் போதும்.

“வெட்டாத,” என்றேன். “நான் எழுத்து போடுறேன்.”

“என்னன்னு போடுவ? அது என்ன சொல்லுதுன்னு ஒனக்குத் தெரியுமாக்கும்?”

“தெரியும்.”

“எப்படி?”

“புத்தகத்துல படிச்சேன். சைகை மொழி. நூலகத்துல இருக்கு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ படிச்சாலும் படிச்சிருப்ப,” என்றாள். விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. இருந்தால் நான் நிச்சயம் படித்திருப்பேன். ஆகவே இது முழுப்பொய் ஆகாது.

ஜனவரி 30, வியாழன்

காலை வணக்கக் கூட்டத்தில் லில்லி டீச்சர் என்னை மேடைக்கு அழைத்தார். “புத்தகம் வாசிச்சே ஒரு மொழியக் கத்துக்கிட்ட பிள்ளை. கைதட்டுங்க,” என்றார். பள்ளி முழுவதும் கைதட்டியது.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. முட்டை சரியாக வேகவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

ஒரு சிக்கல். ஜெபமலர் முகத்தை நெருக்கமாக எடுத்திருக்கிறாள். பேசுபவருக்கு முகம்தான் முக்கியம் என்பது அவள் எண்ணம். மற்ற ஆறு பேருக்கு அது சரி. அம்மாவின் பேச்சு கையில் இருக்கிறது. கை பாதி நேரம் படச்சட்டத்துக்கு வெளியே. தலையை வெட்டிவிட்டு ஒருவரைப் பேசச் சொன்னது போல. எனக்கே பாதிதான் புரிந்தது.

வேறு வழி இல்லை. துண்டை டீச்சரிடம் கேட்டு வாங்கி, அம்மாவின் கைபேசியில் போட்டுக் காட்டினேன். அம்மா தன் முகத்தைப் பார்த்து முதலில் தலைமுடியைச் சரிசெய்தாள். பிறகு விட்டுப்போனதை எல்லாம் மறுபடி சொன்னாள். நான் எழுதிக் காட்டினேன்: ‘எமது தையலகத்தில் உருவாகும் மகளிர் ஆடைகளில் பைகள் இணைக்கப்படுவதில்லை.’

அம்மா வாசித்தாள். ‘நான் எப்போது கலெக்டர் ஆனேன்?’ என்றாள்.

‘எழுத்தில் போடும்போது நன்றாக இருக்க வேண்டாமா?’

‘மற்ற ஆறு பேருக்கும் இப்படியா போட்டாய்?’

இல்லை. அவர்கள் பேசியபடியே போட்டிருந்தேன்.

‘பக்கத்து மெஷின் முப்பிடாதி எப்படிப் பேசுவாளோ, அப்படிப் போடு. நானும் அந்த ஊர்தான்.’

கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அம்மா ஒவ்வொரு வரியையும் வாசித்தாள். கடைசியில், ‘அந்த உயரமான பெண்ணுக்கு நான் உன் அம்மா என்று தெரியுமா?’ என்று கேட்டாள்.

‘சொல்ல நேரம் கிடைக்கவில்லை.’

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டையில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

பிப்ரவரி 1, சனி

சனிக்கிழமையானாலும் ஆய்வகம் திறந்திருந்தது. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களை ஜெபமலர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஆறு பெண்களின் பெயரும் அவள் நோட்டில் இருந்தது.

“ஏழாவது அம்மா பேரு தெரியல. ‘ஒரு தையல்காரம்மா’ன்னு போட்டுரு. அதுக்கடுத்து, ‘சைகை மொழிபெயர்ப்பு: பேச்சியம்மாள்’. பெருசா போடுட்டி.”

என் பெயர் பெரிதாக, அம்மாவுக்குப் பெயரே இல்லாமல். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடித்தேன்: செண்பகவல்லி.

“அது யாரு?”

“ஏழாவது அம்மா.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அம்மா.”

ஜெபமலர் நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்.

“அப்போ அந்தப் புக்கு?”

“புக்கு இல்ல.”

“நான் ஒங்கிட்ட ஊமைன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“அப்பவே நாலு அப்பு அப்பிருக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா? பேரு மட்டும் பேச்சி!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இன்னும் சத்தமாகத் திட்டினாள். “மூதேவி, முதல்லயே சொல்லிருந்தா நான் கைய முழுசா எடுத்துருப்பேன்ல? படத்தையே கெடுத்துட்டியே!”

அடுத்து அவளே எழுந்து டீச்சரிடம் போனாள். நானும் போனேன். புத்தகப் பொய்யை நானே சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திங்கக்கிழமை மறுபடி மேடையேறு. உள்ளத நீயே சொல்லு,” என்றார். பிறகு, “புதன்கிழமைதான் கெடு. அது மாறாது,” என்றார்.

“நாளைக்கே மறுபடி எடுக்கோம் டீச்சர்,” என்றாள் ஜெபமலர்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரம்ஜான் ஆர்டர் வந்திருப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் யூனிட் ஓடியது. ஜெபமலர் வந்ததும் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். நேற்றே ‘மன்னிச்சிருங்க’ என்பதற்கான சைகையை என்னிடம் கற்றுக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் கை வழி தவறி வயிற்றில் இறங்கிவிட்டது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று ஆகிவிட்டது. அம்மா உடனே தன் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். ஜெபமலர் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. அவள் மூன்று முறுக்கு தின்றாள்.

இந்த முறை தள்ளி நின்று எடுத்தாள். தலையிலிருந்து இடுப்பு வரை, இரண்டு கையும் முழுதாக. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டேன். என் வகுப்புத் தோழி பார்க்கும்போது அம்மாவோடு கையால் பேசியது இதுதான் முதல்முறை.

அம்மா புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். முப்பிடாதி அக்கா, “என்ன, என்ன சொல்லுதா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“படத்துல பாருங்கக்கா.”

பிப்ரவரி 3, திங்கள்

மேடையேறினேன். “நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அம்மா செண்பகவல்லிக்குக் காது கேட்காது. அவர்களிடம் கற்றேன்,” என்றேன். யாரும் கைதட்டவில்லை. தட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மதியம் இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

மாலை, புதுத் துண்டுக்கு எழுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். வரிகள் மிக வேகமாக மறைகின்றன என்றாள். நான் வேகமாக வாசிப்பவள். என் வேகத்துக்கு வைத்துவிட்டேன். ஆகவே ஒரு வழி செய்தோம். அம்மா ஒரு வரியை வாசித்து முடித்ததும் என் முழங்காலில் தட்டுவாள். நான் விநாடியைக் குறித்துக்கொள்வேன். ஏழு பேரின் பேச்சுக்கும் அப்படியே தட்டி முடித்தாள். இரண்டு வரிகளுக்கு அவள் தட்டவே இல்லை. அவை தேவையில்லாத வரிகள் என்று எனக்குப் புரிந்தது. எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். அவள் பேச்சின் கடைசி இரண்டு வரிகளுக்கும் நடுவில் எழுத்தே இருக்கக் கூடாது. மூன்று விநாடி.

‘ஏன்?’

‘நான் அங்கே கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பார்க்கவில்லையா?’

பிப்ரவரி 5, புதன்

கெடு நாள். ஒரே நாளில் இரண்டு சண்டை.

முதலாவது, மூன்று விநாடி. “எழுத்து இல்லாம இருந்தா படம் சிக்கிருச்சுன்னு நெனப்பாங்கட்டி,” என்றாள் ஜெபமலர். “எங்கம்மா வைக்கச் சொன்னாங்க,” என்றேன். “அப்போ வையி,” என்றாள். சண்டை முடிந்தது.

இரண்டாவது, முடிவில் ஓடும் பெயர்கள். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு ஆறு பெயர். அதற்குக் கீழே ‘தோன்றியவர்’ என்று தனியாகச் செண்பகவல்லி. லில்லி டீச்சர்தான் அப்படிப் பிரித்திருந்தார்.

“பேசாதவங்கள பேசியவர்கள்னு எப்படிம்மா போடுறது?” என்றார். கேலியாக இல்லை, இலக்கணமாகக் கேட்டார்.

“டீச்சர், படத்துல ரொம்ப நேரம் பேசினது அவங்கதான்,” என்றேன். “மத்த எல்லாரும் இருபது விநாடி. அவங்க நாற்பது.”

டீச்சர் காலக்கோட்டைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். பிறகு அவரே சுட்டியை எடுத்து அந்தப் பெயரை மேலே இழுத்து, ஆறுக்கு மேல், முதலாவதாக வைத்தார்.

மூன்றரை மணிக்குப் படம் அவர் கையில்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டு விழாவுக்கு அம்மா நீலச் சேலை கட்டினாள். நானே அவளை அரங்குக்குள் அழைத்துப்போய் மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தேன். முதல் வரிசையில் அம்மாவின் யூனிட் முதலாளியும் அவர் மனைவியும். பெரிய திரையை அன்பளிப்பாகத் தந்தவர் அவர்தான்.

நான்கு மணிக்கு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். புள்ளிக்கோடு ஓடி ‘தையல்’ திறந்தது. கொம்பு அதன் இடத்தில், புள்ளி அதன் இடத்தில். ஆறு பேர் பேசினார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் தங்கள் அம்மா வரும்போதெல்லாம் கத்தினார்கள். பிறகு எந்திரங்களின் சத்தம் மெல்ல அடங்கி அம்மா வந்தாள். கை இரண்டும் சுவர் அளவுக்கு.

‘ஊசி முறிஞ்சா மத்தவளுக்குச் சத்தம் கேட்டப்புறம்தான் தெரியும். எனக்கு அது முறியப்போறது பெடல்ல கால வச்ச ஒடனே தெரியும்.’

‘பதினாறு வருசமா நைட்டி தைக்கேன். ஒண்ணுலயும் பை கிடையாது.’

‘ஆம்பள சட்டைக்குப் பை இருக்கு. பொம்பள சாவிய எங்க வைப்பா? போன எங்க வைப்பா?’

அரங்கில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. “அதான!” என்று யாரோ சொன்னார்கள்.

‘எனக்குத் தைக்கிற நைட்டில மட்டும் ரெண்டு பை வச்சுக்கிடுவேன்.’

‘மொதலாளிக்குத் தெரியாது.’

எழுத்து மறைந்தது. திரையில் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தாள். ஒரு விநாடி. முதல் வரிசையில் எல்லாத் தலைகளும் முதலாளியின் பக்கம் திரும்பின. இரண்டு. யாரோ களுக்கென்றார்கள். மூன்று.

‘இப்பத் தெரிஞ்சிருக்கும்.’

அரங்கம் வெடித்தது. முதலில் சிரித்தவர் முதலாளியின் மனைவி. கணவரின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். அதன் பிறகு முதலாளியும் சிரித்தார். பின்னால் முப்பிடாதி அக்கா நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். என் பக்கத்தில் அம்மா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, நானூறு பேர் சிரிப்பதை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொதுவாக எங்கே யார் சிரித்தாலும் ‘என்ன? என்ன?’ என்று என் கையைத் தட்டுவாள். அவள் சொன்ன வேடிக்கைக்கு அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதால் இன்று என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் முதலாளியின் மனைவி வழி மறித்தார். “ஏம்மா பேச்சி, அந்த நைட்டிய எடுத்துட்டு வரச் சொல்லு. பை எந்த இடத்துல வச்சிருக்கான்னு பாக்கணும்.” நான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு கையால் இடுப்பைத் தொட்டுக்காட்டிவிட்டு, ‘அளவும் எழுதித் தருகிறேன்,’ என்றாள்.

ஆறு மணிப் பேருந்தில் இடம் கிடைத்தது. முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களும் விழாவுக்கு வந்தவர்கள். அம்மாவை அடையாளம் கண்டு திரும்பி உட்கார்ந்தார்கள். “யக்கா, மத்ததெல்லாம் சரி, ஊசி முறியப்போறது கால்ல எப்படித் தெரியும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். நான் அவளுக்குக் குரல் கொடுத்தேன். ஊசியிலிருந்து மோட்டாருக்குப் போனாள், மோட்டாரிலிருந்து பாளையங்கோட்டை விடுதிக்கு, அங்கிருந்து அவளுக்குத் தையல் சொல்லித்தந்த வார்டன் குறட்டை விட்டால் கட்டில் அதிர்வதற்கு. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் மூன்றாவது வாக்கியத்தில் இருந்தாள். பின் இருக்கைக்காரர்களும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள். நடத்துநர் விசில் ஊதினார். ஜன்னல் வழியே எங்கள் ஊர் ஆலமரமும் நிழற்குடையும் நின்று, மெதுவாகப் பின்னால் நகர்ந்தன.

‘அம்மா, நம் ஊர்!’ என்றேன் கையால்.

‘தெரியும்,’ என்றாள் அம்மா. ‘நான் இன்னும் முடிக்கவில்லை.’